தொள்ளாயிரத்துக்குள்

பத்தாம் வகுப்பில் நான் ஃபெயில். கணக்கில் இல்லை, கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே நான்தான் முதல். என்னைக் கவிழ்த்தது தெலுங்கு. ஆந்திராவில், நகரிப் பக்கத்துத் தமிழ்க் கிராமத்தில் பிறந்தவள் நான். வீட்டிலும் தெருவிலும் தமிழ், சந்தையிலும் பஸ்ஸிலும் தெலுங்கு. பேசச் சொன்னால் தெலுங்கில் சண்டையே போடுவேன். எழுதச் சொன்னால் எல்லாம் ஜிலேபியாகிவிடும். மறுபடி எழுதிப் பாஸ் செய்வதற்குள் கல்யாணம் பேசிவிட்டார்கள். அதற்குப் பிறகு என் கணக்கு மூளைக்கு வேலை கொடுக்க மிச்சமிருந்த இடம் மளிகைக் கடை ஒன்றுதான்.

சித்தூருக்கு வாழ வந்தேன். அவர் வீட்டிலும் எங்கள் வீட்டைப் போலவே ஒரு தலைமுறை முன்புவரை சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அவர் மாம்பழக் கூழ் ஃபேக்டரி ஒன்றில் வேலை பார்த்தார். கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாக வரும் மாதங்களில் இரவு பகல் தெரியாது. மாங்காய் நின்றால் சம்பளமும் நிற்கும். வருஷத்தில் நான்கு மாதம் கை நிறையப் பணம், எட்டு மாதம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் குவைத்துக்குக் கிளம்பினார்கள். மகள் பிறந்து எட்டு மாதத்தில் இவரும் கிளம்பினார். கட்டட வேலைக்காரர்கள் தங்கும் கேம்ப்பில், மெஸ்ஸுக்கு அரிசி பருப்பு அளந்து போடும் வேலை. இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. சாயங்காலம் நான்கு மணிக்குத் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு போன் வரும். வருகிற போனுக்கும் பூத்துக்காரர் ஐந்து ரூபாய் வாங்குவார். என் மகள் பேச்சு வந்த காலத்தில், அந்தச் சிவப்பு போனைப் பார்த்தாலே "நைனா" என்பாள். வேறு யாராவது அதை எடுத்துப் பேசினால் அழுவாள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. வீட்டுக்கு வந்ததும் அவருடைய போட்டோவை எடுத்துக் காட்டி "இதான்டி நைனா" என்பேன். அவள் போட்டோவைத் தள்ளிவிட்டு, போன் எங்கே என்பதுபோல் கையை விரிப்பாள்.

போனில் பேசியது கொஞ்சம். மீதியெல்லாம் கேசட்டில். அவர் ஒரு டேப்ரிகார்டர் வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஊருக்கு வருகிறவர்கள் கையில் கேசட்டு வரும். போகிறவர்கள் கையில் நான் பேசி அனுப்புவேன். ஒரு முறை அங்கே ஒரு பெரிய கடையில் மாம்பழ ஜூஸ் டின் பார்த்ததாகவும், அடியில் சித்தூர் என்று போட்டிருந்ததாகவும் சொன்னார். "நான் கழுவின மாங்காயா கூட இருக்கலாம்மே. நம்மூரு ஆளு ஒருத்தர பாத்தா மாரி இருந்துச்சு. கொஞ்ச நேரம் அங்கியே நின்னுக்கினு இருந்தேன்" என்றார். பதில் கேசட்டில் நான் கேட்ட முதல் கேள்வி, டின் எத்தனை மில்லி, என்ன விலை. என் புத்தி அப்படி.

ஒன்றரை வருஷம் கழித்து, அடுத்த இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாயா என்று அவருடைய கம்பெனியில் கேட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை போனில் அவர் விஷயத்தைச் சொன்னார். திருப்பதியில், அலிபிரி போகிற வழியில் ஒரு லாட்ஜில், தெரிந்தவர் மூலம் ஸ்டோர் கீப்பர் வேலை ஒன்று இருக்கிறது. வருஷம் முழுக்கச் சம்பளம், மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு. குவைத்தில் வருவதில் பாதிகூட இல்லை.

"வாடக, ஊருக்கு அனுப்றது, பாப்பா ஸ்கூலு, இங்க வர்றதுக்கு வாங்கின கடன், இதெல்லாம் போக சாப்பாட்டுக்கு தொள்ளாயிரம் ரூபா நிக்கும்" என்றார். "அதுல நடத்த முடியுமா? முடியும்னா வந்துட்றேன். முடியாதுன்னா இன்னும் ரெண்டு வருசம் கையெழுத்து போட்றேன். அவசரம் இல்ல. யோசிச்சி சொல்லு."

"முடியும்" என்றேன். யோசிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டைப் புரட்டினேன். போன மாதம் சாப்பாட்டுக்கு மட்டும் ஆயிரத்து இருநூற்று எண்பது. எனக்குக் காது சூடாகிவிட்டது. கணக்கில் முதல் மார்க் வாங்கியவள் வீட்டில் இந்த லட்சணம். ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர் வேண்டும். மகள் ஒரு சிவப்பு போனை அப்பா என்று நினைத்துக்கொண்டு வளர்வதை இன்னும் இரண்டு வருஷம் என்னால் பார்க்க முடியாது. அவரை வரவழைப்பதற்கு முந்நூற்று எண்பது ரூபாய் குறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாளே ஆரம்பித்தேன். முதலில் மாட்டியது குழந்தைக்குப் பாலில் கலக்கும் சத்து மாவு. ஒரு கிலோ டப்பா வாங்கினால் பிளாஸ்டிக் கிண்ணம் இலவசம் என்று, டிவியில் அந்த விளம்பரம் வந்த நாள் முதல் அதையே வாங்கிக்கொண்டிருந்தேன். என்னிடம் எட்டுக் கிண்ணங்கள் சேர்ந்திருந்தன. டப்பா நூற்று அறுபத்தெட்டு. அதே மாவு அரைக் கிலோ பாக்கெட்டாக எண்பது. இரண்டு பாக்கெட் நூற்று அறுபது. ஆக இலவசக் கிண்ணத்தின் விலை எட்டு ரூபாய், எட்டுக் கிண்ணத்துக்கு அறுபத்து நான்கு. அன்றைக்குக் கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மாவையே நிறுத்திவிட்டு, ராகியையும் பொட்டுக்கடலையையும் வறுத்து மெஷினில் அரைத்து வைத்துக்கொண்டேன். மகள் ஒரு வாரம் முகத்தைச் சுளித்தாள், பிறகு குடித்தாள்.

அடுத்து புளி. கொட்டையோடு கிலோ பதினெட்டு, கொட்டை எடுத்தது முப்பது. பன்னிரண்டு ரூபாய் வித்தியாசம் என்றதும் எனக்குக் கை பரபரத்தது. கொட்டையோடு வாங்கி வந்து, ஒரு மத்தியானம் முழுக்கச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தேன். விரல் நகமெல்லாம் புளி. கடைக்குத் திரும்ப எடுத்துப்போய் நிறுக்கச் சொன்னேன். அறுநூறு கிராம். பதினெட்டை அறுநூறால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கிப் பாருங்கள், சரியாக முப்பது. ஒரு மத்தியானம் உழைத்ததற்கு ஒரு பைசா மிச்சமில்லை. கடைக்காரர் தெலுங்குக்காரர், நல்ல மனிதர், என் கஷ்டத்தைப் பார்த்து ஒரு டம்ளர் மோர் வரவழைத்துக் கொடுத்தார். அதன்பின் கொட்டை எடுத்த புளிதான்.

எண்ணெய் விஷயத்தில்தான் நான் நன்றாக ஏமாந்தது. யாரும் ஏமாற்றவில்லை, நானே ஏமாந்தேன். எங்கள் ஊரில் கூலிக்கு வேர்க்கடலை பறிக்கப் போனால் கூலியில் ஒரு பங்கு கடலையாகவே கிடைக்கும். அதை மூட்டை கட்டி மில்லுக்குக் கொண்டுபோனால், ஆட்டி, தராசில் நிறுத்து எண்ணெய் ஊற்றுவார்கள். எண்ணெய் என்றால் எங்களுக்குக் கிலோதான். கல்யாணம் ஆகி வந்த பிறகும், தூக்குவாளியோடு போய்க் கிலோ கணக்கில்தான் வாங்கினேன். அப்போது புதிதாகப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் எண்ணெய் வந்து கடை வாசலில் தொங்க ஆரம்பித்திருந்தது. வாளியில் ஊற்றினால் நாற்பத்தாறு, பாக்கெட் நாற்பத்து மூன்று. மூன்று ரூபாய் குறைவு, சீல் வைத்தது, தூசி விழாது. நான் உடனே பாக்கெட்டுக்கு மாறினேன். குவைத்துக்குப் பெருமையாகச் சொல்லியும் அனுப்பினேன்.

மூன்று மாதமும் கடைசி மூன்று நாள் எண்ணெய் இல்லை. அளந்து ஊற்றினேன், அப்பளம் பொரிப்பதை விட்டேன், அப்போதும் இல்லை. பக்கத்துப் போர்ஷன்காரம்மாமேல்கூட எனக்குச் சந்தேகம் வந்தது. நான் தண்ணீர் பிடிக்கப் போகும்போது வீட்டைத் திறந்துதான் போட்டுப் போவேன். இரண்டு நாள் அந்த அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மகள் காலிப் பாக்கெட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து பிடுங்கும்போது பார்த்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில், ஒரு லிட்டர், எடை 910 கிராம்.

பாக்கெட்டை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். "கிலோன்னு குடுத்துக்கினு இருக்கீங்க, தொண்ணூறு கிராம் எங்க போச்சு?" என்று கேட்டேன்.

கடைக்காரர் நிதானமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "அதி லீட்டரும்மா, கேஜீ காது. நேனு எப்புடூ கேஜீ அனலேது" என்றார். அவர் கிலோ என்று சொல்லவே இல்லைதான். நானாக நினைத்துக்கொண்டது. அங்கேயே நின்று, அவருடைய பேனாவை வாங்கி, அட்டையில் போட்டுப் பார்த்தேன். நாற்பத்து மூன்றைத் தொள்ளாயிரத்துப் பத்தால் வகுத்தால் கிலோ நாற்பத்தேழே கால். மூன்று ரூபாய் லாபம் என்று நினைத்தது ஒன்றேகால் ரூபாய் நஷ்டம். கடைக்காரர் அந்த அட்டையைக் கிழித்து வைத்துக்கொண்டார், தன் மகனுக்குக் காட்டப் போவதாகச் சொன்னார். அன்றிலிருந்து என்னை அவர் "லெக்கலம்மா" என்றுதான் கூப்பிடுவார். கணக்கு அம்மா என்று அர்த்தம். போர்ஷன்காரம்மாவுக்கு நான் அன்று சாயங்காலம் ஒரு கிண்ணம் ராகி மாவு கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார். சும்மாதான் என்றேன்.

திருப்பதியில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை ஒன்று திறந்திருக்கிறார்கள், எல்லாமே விலை குறைவு என்று தெரு முழுக்கப் பேச்சு. ஒரு நாள் மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே ஏ.சி. குளிர். நாமே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ளலாம். மகள் ஒவ்வொரு அலமாரிக்கும் கைகொட்டினாள். துவரம்பருப்பு எங்கள் கடையைவிடக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவு. நான் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தேன். போக வர பஸ்ஸுக்கு ஐம்பது ரூபாய். இருபத்தைந்து கிலோ பருப்பு வாங்கினால் பஸ் காசு கழியும், அதற்கு மேல் வாங்கினால்தான் மிச்சம். இருபத்தைந்து கிலோ பருப்பை நாங்கள் தின்று முடிப்பதற்குள் மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். நான் ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்த்து எழுதிவிட்டுத் திரும்ப வைப்பதைக் கண்டு வாட்ச்மேன் பின்னாலேயே வர ஆரம்பித்தார். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஒரு பிஸ்கட் இருந்தது. அதுவும் சின்ன பாக்கெட்டாகிப் போயிருந்தது, முன்பு நூறு கிராம், இப்போது எழுபத்தைந்து. மகள் அதை விடவில்லை. அவளுக்காக வாங்கினேன். பில் போட்ட பெண் "அந்தேனா மேடம்?" என்று கேட்டாள். அவ்வளவுதான் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த மாத நோட்டில் பிஸ்கட்டோடு பஸ் டிக்கெட் ஐம்பதையும் சாப்பாட்டுச் செலவில்தான் எழுதினேன். எதையும் விட்டுவிட்டுக் கணக்கை அழகாகக் காட்டுவது எனக்குப் பிடிக்காது.

காணிப்பாக்கத்துக்குப் போனாலும் அப்படித்தான். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு அன்னதானத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அன்றைக்கு வீட்டில் ஒரு வேளைச் சமையல் மிச்சம். ஆனால் அந்த மிச்சத்தை நான் கணக்கில் காட்டவில்லை. அந்த வேளைக்கு ஆகியிருக்கும் அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, அடுத்த முறை போகும்போது கோயிலில் கொடுத்துவிடுவேன். தொள்ளாயிரத்துக்குள் என்றால் நிஜமாகவே தொள்ளாயிரத்துக்குள் இருக்க வேண்டும். அவர் என்னை நம்பி அங்கே இருக்கும் வேலையை விட்டுவிட்டு வரப்போகிறவர்.

தக்காளியைக் கூறு கட்டி விற்பார்கள். ஒரு கூறு ஐந்து ரூபாய், சாயங்காலம் நாலரைக்கு மேல் மூன்று. காலையில் வாங்குவது நல்லதா சாயங்காலமா என்பதை நான் மூன்று வாரம் பார்த்தேன். சாயங்காலக் கூறில் பத்துக்கு மூன்று அழுகல், ஆகவே ஏழு பழம் மூன்று ரூபாய். காலையில் பத்துப் பழமும் நல்லது, ஐந்து ரூபாய். சாயங்காலம்தான் லாபம், ஆனால் அன்றே சமைத்துவிட வேண்டும். அரிசியில் கல் இருக்கும் ரகம், கல் இல்லாத ரகம் இரண்டையும் வாங்கி, பொறுக்கிய கல்லையும் நொய்யையும் நிறுத்துப் பார்த்தேன். பாலில் மட்டும் கை வைக்கவில்லை. மகளுக்கு அரை லிட்டர் என்றால் அரை லிட்டர்தான்.

ஐந்து மாதத்தில் ஆயிரத்து இருநூற்று எண்பது ஆயிரத்து நூறாகி, ஆயிரத்து முப்பதாகி, தொள்ளாயிரத்து அறுபதாகி, தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் வந்து முரண்டு பிடித்தது. அந்தப் பன்னிரண்டு ரூபாய்க்காக நான் யார் யாரிடமோ எரிந்து விழுந்தேன். ஆறாவது மாதம் முப்பதாம் தேதி மத்தியானம் கூட்டிப் பார்த்தேன். எண்ணூற்று எண்பத்து நான்கு. கீழிருந்து மேலாக மறுபடி கூட்டினேன். அதே எண்ணூற்று எண்பத்து நான்கு. மகளைத் தூக்கிச் சுற்றினேன்.

அன்றே டேப்ரிகார்டரைப் போட்டு நோட்டை வைத்துக்கொண்டு வாசித்தேன். "ஏங்க, கேளுங்க. அரிசி பத்து கிலோ, கிலோ பன்னண்டர, நூத்தி இருவத்தஞ்சி. து‌வரம்பருப்பு ஒன்ற கிலோ, நாப்பத்தஞ்சி. எண்ண ரெண்டு கிலோ, கிலோதாங்க, லிட்டர் இல்ல, தொண்ணூத்தி ரெண்டு..." இப்படியே உப்பு வரைக்கும். ஒவ்வொன்றுக்கும் கிலோ என்ன விலை, எந்தக் கடை, ஏன் அந்தக் கடை, திருப்பதிக் கடைக்குப் பிஸ்கட் வாங்கப் போன பஸ் டிக்கெட் வரைக்கும். ஒரு பக்கம் முழுக்க ஓடி, திருப்பிப் போட்டு மறுபக்கமும் பாதி வந்தது. கடைசியில், "ஆக மொத்தம் எண்ணூத்தி எம்பத்தி நாலு. தொள்ளாயிரத்துக்கு பதினாறு ரூபா மிச்சம். நீங்க கெளம்பி வாங்க" என்றேன். குவைத்துக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்த பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன்.

கேசட் போய்ச் சேர்ந்தது தெரியும். ஆனால் பதில் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை போனில் சாதாரணமாகப் பேசினார், மகளைப் பற்றிக் கேட்டார், கேசட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் வீம்புக்குக் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே. மூன்றாவது வெள்ளிக்கிழமை போனே வரவில்லை. பூத்தில் ஆறு மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். கணக்கில் எங்கோ பிசகு கண்டுபிடித்துவிட்டார், என் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன். நோட்டை எடுத்து ஒவ்வொரு வகுத்தலையும் திரும்பப் போட்டேன். ஒரு பைசாகூடப் பிசகில்லை. அப்படியென்றால் அவருக்கே வர விருப்பமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்று ஒன்றும் சமைக்கவில்லை, மகளுக்குப் பால் மட்டும் காய்ச்சிக் கொடுத்தேன்.

நான்காவது வெள்ளிக்கிழமையும் போன் இல்லை. ஐந்தாவது வெள்ளிக்கிழமை வந்தது. "டிக்கெட்டு குடுத்துட்டாங்க. பதினஞ்சாந்தேதி மெட்ராஸ்ல எறங்கறேன்" என்றார். நான் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "இன்னாமே, காது கேக்குதா?" என்றார். கேட்குது என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. பூத்துக்காரர் அன்றைக்கு ஐந்து ரூபாய் வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் வந்தார். மகள் இரண்டு நாள் என் புடவைக்குப் பின்னாலேயே ஒளிந்திருந்தாள். மூன்றாம் நாள் அவர் பக்கத்து அறையிலிருந்து வேண்டுமென்றே, போனில் பேசுகிற குரலில், "பாப்பா, இன்னா துன்ன?" என்று கேட்டார். இவள் எட்டிப் பார்த்தாள். குரலையும் ஆளையும் சேர்த்துக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு போய் மடியில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த மாதத்து மிச்ச நாளெல்லாம் சொந்தக்காரர் வீட்டு விருந்திலேயே போனது, நோட்டை நான் திறக்கவே இல்லை. அடுத்த மாதம் திருப்பதிக்குக் குடிபெயர்ந்தோம். லாட்ஜிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒற்றை அறையும் சமையல்கட்டும். அவர் காலை ஆறு மணிக்குப் போய்விட்டு, மத்தியானம் இரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு வருவார். மறுபடி நான்கு மணிக்குப் போவார். நான் புது ஊர்ச் சந்தையில் விலை விசாரித்து, நோட்டில் புதுப் பக்கம் போட்டேன். எல்லாமே சித்தூர் விலைக்கு நாலணா முன்னே பின்னேதான் இருந்தது. சந்தோஷமாக இருந்தது எனக்கு. பாடிக்கொண்டு சமைத்தேன்.

பதினைந்தாம் தேதி அரிசி டின்னில் ஆழாக்கு அடியில் உரசியது.

முதலில் கடைக்காரன்மேல்தான் கோபம் வந்தது. பத்துக் கிலோ என்று எட்டுக் கிலோ போட்டுவிட்டான் என்று நினைத்தேன். ஆனால் வாங்கிய அன்றே பக்கத்துக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துத்தானே எடுத்து வந்தேன். எண்ணெயைப் பார்த்தேன், அடியில்தான் கிடந்தது. பருப்பு தீர்ந்தே போயிருந்தது. நோட்டை விரித்துக் கிலோ விலையெல்லாம் சரிபார்த்தேன். எல்லாம் சரி. எலி இருக்கிறதா என்று டின்னுக்குப் பின்னால் பார்த்தேன். அப்போது அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். நோட்டை மூடிவிட்டு இலையைப் போட்டேன்.

சாம்பார் சோறு சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு ரசம் ஊற்றிக்கொண்டார். மகளுக்கு ஒரு வாய் ஊட்டினார். பிறகு மோருக்குக் கொஞ்சம் சோறு கேட்டார். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாமே இப்டி பாக்கற? துன்ன வுட மாட்டியா?" என்றார்.

பத்துக் கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, இரண்டு கிலோ எண்ணெய். ஆறு மாதமாக நான் குறைத்துக் குறைத்துக் கொண்டுவந்த கணக்கு எனக்கும் மகளுக்கும் ஆனது. வரப்போகிற மனிதர் வந்து சாப்பிடுவார் என்பது எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. கிலோ என்ன விலை என்று பார்த்தேனே தவிர, எத்தனை பேருக்கு எத்தனை கிலோ என்று பார்க்கவில்லை. யாருக்காக அந்தக் கணக்கோ அவரையே விட்டுவிட்டேன். கரண்டியைக் கீழே வைத்தேன்.

"ஏங்க, நீங்க துன்ற சோத்த நான் கணக்குல சேக்கவே இல்லீங்க" என்றேன்.

அவர் மோரைப் பிசைந்துகொண்டே, "தெரியும்" என்றார்.

"எப்போலேர்ந்து?"

"கேசட்டு கேட்டப்பவே. பத்து கிலோ அரிசின்னியே. எறநூறு பேருக்கு தெனமும் அளந்து போட்டுக்கினு இருந்தவன் நானு. பத்து கிலோ ஒரு பொம்பளைக்கும் ஒரு கொழந்தைக்கும்தான் வரும்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. என் தப்புக்கு அவர்மேல் கோபம். "தெரிஞ்சிக்கினு எதுக்கு வந்தீங்க? ஒரு வார்த்த சொல்லிட்டு கையெழுத்து போட்டிருக்கலாம் இல்ல? இந்த சம்பளத்துல இனிமே எப்டி நடத்தறது?"

அவர் மகளின் வாயைத் துடைத்துவிட்டார்.

"மொத வாட்டி கேட்டப்ப சிரிச்சேன்" என்றார். "இவ்ளோ கணக்கு போட்டுட்டு என்னை வுட்டுட்டா பாருன்னு ரூமுல இருக்கறவங்களுக்கு கூட போட்டு காட்டனேன். அப்றம் தனியா ஒரு வாட்டி கேட்டேன். உப்பு, புளி, மொளகா எல்லாம் இருக்குது. பிஸ்கட்டு வாங்கப் போன பஸ்ஸு டிக்கெட்டு கூட இருக்குது. நான் இல்ல. நான் இல்லாமயே உங்க ரெண்டு பேருக்கும் எல்லாம் சரியா நடந்துக்கினு இருக்குது. எனக்கு பயம் வந்துட்ச்சு. இன்னும் ரெண்டு வருசம் இருந்தா அப்றம் எப்பவுமே எனக்குன்னு ஒல வைக்க மாட்டீங்கன்னு தோணுச்சு. மறுநாளே போயி டிக்கெட்டு கேட்டேன். அவங்க குடுக்கத்தான் லேட்டாச்சு. கைக்கு வராம சொல்ல வேணாம்னுதான் போன்ல கூட சொல்லல."

பானையில் கடைசியாக இருந்த சோற்றை அவர் இலையில் வைத்தேன். போதும் என்றார். இன்னும் கொஞ்சம் என்றேன். சாப்பிட்டார்.

அவர் நான்கு மணிக்குக் கிளம்பிப் போன பிறகு நோட்டை எடுத்தேன். பத்துக் கிலோவை அடித்துவிட்டு இருபத்திரண்டு என்று எழுதினேன். பருப்பு மூன்று, எண்ணெய் நான்கு. காய்கறி, மோருக்குத் தனியாகக் கால் லிட்டர் பால், அவருக்குப் பிடித்த கருவாடு மாதம் இரண்டு தடவை. கூட்டிப் பார்த்தேன். ஆயிரத்து இருநூற்று எழுபது வந்தது. அன்றைக்கு அந்தத் தொகையைக் கீழிருந்து மேலாக மறுபடி கூட்டிச் சரிபார்க்கவில்லை.